மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம்

ஹார்ட்ஷா கிராமத்தில் பஞ்சாலை முதலாளி கட்டிய தேவாலயம், பள்ளிக்கூடம், மணிக்கூண்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஊரில் சாராயக்கடை வைக்கவிடாத அந்தப் புண்ணியவானுக்கு வெண்கலச் சிலை வேறு. அவர் வீட்டு நிலவறையில் பீப்பாய் பீப்பாயாக ஒயின் கிடந்ததைச் சிலையா சொல்லும்? ஆலை இப்போது அடுக்குமாடி வீடுகள். மான்செஸ்டருக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிவிட்டார்கள்.

தறியில் வேலை பார்த்த ஹெட்டிக்கு ஆலை கொடுத்தது இரண்டு: தொழிலாளர்களுக்குக் கட்டிய ஆலைவரிசையில் ஒரு வாடகை வீடு, செவிட்டுக் காது. தறிகள் போடும் இரைச்சலில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? பெண்கள் சத்தமில்லாமல் வாயை அகலமாக அசைப்பார்கள். எதிரே இருப்பவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். ஹெட்டிக்கு அதைப் பழக்கியவளே பக்கத்துத் தறி அல்மாதான்.

அந்த அல்மா இன்று கிராம அறக்கட்டளைக் குழுவில் பெரிய மனுஷி. ஆலைவரிசையை விற்பதா, குடியிருப்பவர்களை விட்டுவைப்பதா என்று அந்தக் குழுதான் முடிவு கட்ட வேண்டும்.

"நான் இருக்கும்போது உன்னை யாருடி அசைக்கிறது? பேசாம டீயைக் குடி" என்று போன வாரம் ஹெட்டி வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னாள். ஹெட்டியும் நம்பினாள். அத்தனை வருஷப் பழக்கம், நம்பாமல் என்ன செய்வாள்?

சனிக்கிழமை மணிக்கூண்டில் நினைவுப்பலகை திறப்பு. பழைய நெசவுக்காரி என்று ஹெட்டியைத்தான் திரையை இழுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கவுன்சிலர் பேசிக்கொண்டே போனார். மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம், ஹெட்டியின் கண்ணுக்கு நேராக நின்ற அல்மா, தள்ளி நின்ற தன் மகள் டெனிஸைப் பார்த்துப் பழைய வழக்கப்படி வாயசைத்தாள். மகளுக்கும் அதைப் பழக்கியிருந்தாள்.

"விக்கலாம்னுதான் கை தூக்கினேன். ஹெட்டி வீடு உனக்கு. கிழவியை முதியோர் இல்லத்துல தள்ளிருவாங்க."

யாருக்கும் கேட்காது என்ற தைரியம். தறிக்கூடத்தில் ரகசியம் பேசினால் வாயைக் கையால் மறைப்பார்கள். பதவி வந்ததும் அது மறந்துபோயிற்று பாவிக்கு. ஹெட்டி ஒரு சொல் விடாமல் உதட்டைப் படித்துவிட்டாள். உப்புத் தின்ற வீட்டுக்கே உலை வைத்துவிட்டாளே!

திரையை இழுக்கச் சொல்லிக் கவுன்சிலர் ஹெட்டியின் தோளைத் தொட்டார். ஹெட்டி கயிற்றைத் தொடவில்லை. அல்மாவைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாயசைத்தாள்.

"எங்க எல்லார் வீட்டையும் வித்துட்டியாடி, அல்மா?"

கவுன்சிலருக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவி தடுமாறுகிறாள் என்று அவரே கயிற்றை இழுத்துக் கைதட்டினார். கூட்டத்தில் அங்கங்கே இருந்த கிழவிகள் கைதட்டவில்லை. ஒவ்வொருத்தியாக அல்மா பக்கம் திரும்பினார்கள். அவர்களும் நெசவுக்காரிகள்தான், அதே வரிசையில் குடியிருப்பவர்கள்.