ஊர் கேட்காத ஜெசிந்தா அக்கா

கனடாவில், மார்க்கம் நகரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது கார் வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தார்கள். "மன்னாரைப் பிறப்பிடமாகவும் பிக்கரிங்கை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி ஜெசிந்தா அக்காவின் பெயரைச் சொன்னார்கள். ஓரமாக நிறுத்தி அழுதேன். அவர் மன்னார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நம்மவர்கள் சந்தித்தால் முதற்கேள்வி, ஊரில் எவடம்? அடுத்தது, ஆற்றை மகள், அதாவது யாருடைய பிள்ளை? மருத்துவமனையில் பிளாஸ்டிக் சேர்ஜரிப் பிரிவில் தாதியாக இருந்த அக்கா இரண்டையும் கேட்டதில்லை. என் வலது மார்பு பிறவியிலேயே வளரவில்லை. அந்தப் பக்க நெஞ்சும் குழி. இருபத்தாறு வயதுவரை அம்மா சட்டைக்குள் தைத்துத் தந்த பஞ்சோடு ஒளிந்து வாழ்ந்தேன். கல்யாணப் பேச்சு என்றாலே அறைக்குள் போய்விடுவேன். கடைசியில் சிகிச்சை கேட்டுப் போன மருத்துவமனையில் தமிழ்த் தாதியைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தேன்.

"இரும். நீர் ஆற்றை பிள்ளையெண்டு நான் கேக்கமாட்டன். வெளியிலை கண்டாலும் தெரியாத ஆள்தான்" என்றார்.

தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து, மெல்லிய குழாயால் நெஞ்சில் சிறிது சிறிதாக நிரப்புவதுதான் சிகிச்சை. வைத்ததில் ஒரு பங்கு தானாகவே கரையும் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். மீதியை அம்மா கரைத்தார். ஒப்பரேசன் என்றால் பத்தியம் அல்லவா? ஆறு கிழமை மிளகு ரசமும் சோறும்தான். நான் தராசில் ஏறியதும் அக்கா அம்மாவை போனில் பிடித்தார்.

"அக்கா, உங்கட மகள் பிள்ளை பெறேல்லை. தொடையிலை எடுத்து வைச்சதை நீங்கள் பட்டினி போட்டுக் கரைக்கிறியள். முட்டை குடுங்கோ, இறைச்சி குடுங்கோ!"

அம்மா பயந்து அன்றே ஆட்டிறைச்சி வாங்கினார். காலம் கடந்துவிட்டது. இன்னொரு முறை செய்யவேண்டும் என்றார்கள். நான் முடியவே முடியாது என்றேன்.

"வேண்டாமெண்டால் விடும். பஞ்சோடையும் வாழலாம். ஆனால் அம்மாவின்ரை ரசத்துக்காக விடாதையும்."

சிரித்துவிட்டேன். சம்மதித்தேன். இம்முறை குழி நிரம்பியது, ஆனாலும் இரு பக்கமும் அச்சாக ஒன்றல்ல. முகம் சுளித்தேன். "கண்ணாடியிலை தோட்டைப் பாரும். ரெண்டும் ஒரே உயரத்திலையே தொங்குது?" என்று கேட்டார். இல்லைதான். வீட்டுக்குப் போய்ப் பஞ்சைக் குப்பையில் போட்டேன்.

என் கல்யாணத்துக்கு வற்புறுத்தி அழைத்தேன். கடைசி மேசையில் இருந்து, மணப்பெண்ணான என்னைக் காட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் "பொம்பிளையோடை வேலை செய்தனான்" என்றார். என் காதில் மட்டும், "உந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாரிட்டையும் சொல்லமாட்டன்" என்றார்.

போன கிழமை அவரைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டப வாசலில் அவரின் மகள் நின்றாள். "அம்மாவை எப்பிடித் தெரியும், அன்ரி?"

"அம்மாவோடை வேலை செய்தனான்."

"எல்லா அன்ரிமாரும் அதைத்தான் சொல்லினம். அம்மா இவ்வளவு பேரோடையா வேர்க் பண்ணினவ?"

எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

மகளே, நான் உன் அம்மாவோடு வேலை செய்யவில்லை. அவர் கட்டுப் போட்டு ஆற்றிய நெஞ்சு என்னுடையது. மற்றவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பழக்கத்தைத்தான்.

நீங்கள் கேட்காமல் விட்டதை நானே சொல்லிவிடுகிறேன், அக்கா. ஊர் கரவெட்டி. கதிரவேலு மாஸ்டரின் மகள் சுகந்தி.