இடுப்பில் மாட்டிய கொக்கி

கட்டட வேலைகளுக்கு மேலாளராக இருந்த என் சித்தப்பா, அதை விட்டுவிட்டு இப்போது தனியாகப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறார். ஏன் விட்டார் என்று கேட்டால், "போதும்" என்பார். பயிற்சி முடிவில் அவரே தேர்வும் வைப்பார். அதில் தேறாதவர்கள் உயரத்தில் வேலை செய்ய முடியாது.

நேற்று தேர்வுக்கு அவருடைய பழைய மேஸ்திரி வந்திருந்தார். ஆள் உயரச் சாரத்தில் விறுவிறுவென்று ஏறினார். விழாமல் தாங்கும் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைச் சாரக் கம்பியில் மாட்டாமல், தன் இடுப்பு வளையத்திலேயே மாட்டிக்கொண்டு கையசைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

"கொக்கி எங்க இருக்கு, மேஸ்திரி?" என்றார் சித்தப்பா.

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க? சோதனைக்கு அதிகாரி வந்தா இப்படி மாட்டிக்கோ, வேலை நிக்கக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே!"

மற்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தேறவில்லை என்று எழுதினார்.

மேஸ்திரியின் முகம் மாறியது. "பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுறீங்களே சார். மேல ஏறலன்னா எனக்கு ஏது வேலை?"

"நாளைக்கு வாங்க. மறுபடி சொல்லித் தர்றேன்."

"இந்தத் தடவையாவது சரியா சொல்லித் தருவீங்களா?"

சித்தப்பா சாரத்தில் ஏறி, மேஸ்திரியின் இடுப்பிலிருந்த கொக்கியைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். இழுத்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.