ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

இன்று தங்கச்சி மகள் செல்வியோடு கல்மண்டபத்துக்கு நாய்க்குட்டி வாங்கப் போனேன். அவள் புருஷன் கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள், பாவம்.

விற்பவரிடம் இரண்டு குட்டிகள் இருந்தன. ஒன்று வெள்ளை ராஜபாளையம், இன்னொன்று ஒல்லிச் சிப்பிப்பாறை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சாவு மேளம் வந்தது. சிப்பிப்பாறை செல்வி காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குரைத்தது. வெள்ளைக்குத் தூக்கமே கலையவில்லை.

"இன்னா தைரியம் பாத்தியா பெரீம்மா! காவலுக்கு இதான் கரெக்ட்டு."

எனக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளையின் தலைக்குப் பின்னால் கை தட்டினேன். காதுகூட ஆடவில்லை.

"இது செவிடுடீ! திருடன் வந்தா எப்டிக் கொரைக்கும்? பயந்துகினே கொரைச்சுது பாரு, அத்தத் தூக்கு."

விற்பவர் முகம் சுருங்கிவிட்டது. "ராஜபாளையத்துல சிலது இப்டித்தான் பொறக்குது. யாரும் வாங்க மாட்டாங்கோ. கடல்ல வுட வேண்டியதுதான்."

"ஆத்தா குடுத்த உசுர கடல்ல வுட நீ யாருய்யா?" என்று கத்திவிட்டேன்.

சிப்பிப்பாறை செல்வியோடு போனது. வெள்ளை இப்போது திருவொற்றியூரில் என் வீட்டில், என் மடியில் தூங்குகிறது.

கூப்பிட்டால் கேட்காத பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது? நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.