நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு கோமாளி

1951 என்று நினைவு. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. எங்கள் வீடு கோட்டாறில். என் அண்ணன் பட்டாளத்தில் லாரி டிரைவராக இத்தாலி வரைக்கும் போய், சண்டை முடிந்து ஊர் திரும்பியவன். வந்ததிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. சிரிப்பு என்பதே கிடையாது. அம்மா நேராத நேர்ச்சை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊர்க் கொட்டகை ஒன்றில் இத்தாலிப் படம் வந்தது. மாட்டுவண்டியில் தட்டி கட்டி, கொட்டு அடித்து, வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று நோட்டீஸ் போட்டார்கள். அண்ணனைக் கூட்டிப் போனால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. அப்பாவுக்கு இஷ்டமில்லை. அந்தப் படத்தை எடுத்தவனை அவன் நாட்டிலேயே காறித் துப்புகிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தார். குண்டு விழுந்து தரைமட்டமான ஊர்களில் போய்க் கோமாளிக்கூத்து எடுத்தானாம். செத்தவர்களைக் கேலி செய்கிறான் என்று திரையில் கல்லெறிந்தார்களாம்.

"எழவு வீட்டுல சிரிக்கவனுக்க படம். அதுக்கா போணும்?" என்றார்.

அண்ணன், "இத்தாலியா? போவோம்" என்று எழுந்து சட்டையை மாட்டினான்.

கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டில்லை, சண்டையில்லை, பேசுவதும் புரியவில்லை. நெட்டையான ஒரு ஆள் இடிந்த வீடுகளுக்கு நடுவே தள்ளுவண்டியில் ஆரஞ்சு விற்கிறான், தடுக்கித் தடுக்கி விழுகிறான். முதலில் விசில், பிறகு கூச்சல். அப்புறம் ஆட்கள் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பாதிக் கொட்டகை காலியானதும் நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு கல் நீரூற்று. வண்டி அதில் மோதிக் கவிழ்ந்து ஆரஞ்செல்லாம் உருள, பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்குகிறார்கள். அண்ணன் சட்டென்று என் கையைப் பிடித்தான். விரல் நொறுங்கிவிடும் போலிருந்தது.

"அந்த இடந்தான் மக்கா."

"எந்த இடம் அண்ணே?"

"அவன் செத்த இடம்."

வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னான். ஒரே லாரியில் இருந்த கூட்டாளி, கீரிப்பாறைக்காரன், அந்த நீரூற்றில் தண்ணீர் பிடிக்கப் போனபோது குண்டு விழுந்திருக்கிறது. அண்ணன் வண்டிக்குள் இருந்து பார்த்திருக்கிறான். கூட்டாளியின் அம்மா ரப்பர் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறாள். மகன் செத்தான் என்று தந்தி போனதோடு சரி. இத்தனை வருஷமாகியும் அவள் முகத்தில் விழிக்க அண்ணனுக்குத் தைரியம் வரவில்லை.

வாசலிலேயே அப்பா, "என்ன, சிரிச்சு முடிஞ்சா?" என்று கேட்டார்.

"படம் எடுத்தவன் கேலி பண்ணல அப்பா. அங்க நின்னு அழுதவனாலதான் அப்பிடி எடுக்க முடியும்" என்றான் அண்ணன்.

அடுத்த வாரம் நானும் அவனும் கீரிப்பாறைக்குப் போனோம். பூதப்பாண்டி வரை பஸ், அதற்கு மேல் எஸ்டேட் லாரி. கூட்டாளியின் அம்மா மெலிந்து கறுத்திருந்தாள். அண்ணன் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, கண்ணீர் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அது என்ன மாதிரி எடம் மக்களே?" என்றாள்.

அவன் படத்தில் கண்டதைச் சொன்னான். ஆரஞ்சு உருண்டது, பிள்ளைகள் பொறுக்கியது எல்லாம்.

"பிள்ளைக ஓடி விளையாடுதா அங்க?"

"ஆமா அம்மா."

"எம் பிள்ள காட்டுல கெடக்கான்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். பிறகு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அதக் காட்டிக் குடு மக்களே. ஒரு வட்டம் பாத்தாப் போரும்" என்றாள்.

அன்றைக்கே அவளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் வந்தோம். கொட்டகை வாசலில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "ஆளு வராத படத்த வச்சு என்ன செய்ய? படப்பெட்டி திரும்பிப் போயாச்சு" என்றார் மேனேஜர்.

அண்ணன் திருவனந்தபுரம், திருநெல்வேலி, மதுரை என்று அலைந்தான். எங்கே கேட்டாலும், அந்தப் படமா என்று சிரித்தார்கள். நஷ்டப்பட்ட படத்தை மறுபடி யார் கொண்டுவருவார்கள்? அவன் கீரிப்பாறைக்குப் போகும்போதெல்லாம் அவள், "வந்துதா மக்களே?" என்று கேட்பாளாம். "வரும் அம்மா" என்பானாம். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே, ஒரு மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைத்தது அண்ணன்தான்.

அந்தப் படம் நல்ல படமா, எடுத்தவன் நல்லவனா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு படத்தையோ பாட்டையோ, "இதெல்லாம் யாருக்கு வேணும்?" என்று யாராவது தள்ளிவிடும்போது, தன் பிள்ளை கடைசியாக நின்ற மண்ணை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று காத்துக் காத்துப் போய்விட்ட அந்தத் தாயின் முகம்தான் என் கண்முன் வந்து நிற்கிறது.