வடிவம்மாள் டாக்கீஸின் பெண்கள் வாசல்

புருஷன் செத்துப் போனபோது சங்கரம்மாளுக்கு இருபத்தாறு வயது. அந்த வருஷமே தூத்துக்குடியில், திரேஸ்புரத்துக்குப் பக்கத்தில் இருந்த வடிவம்மாள் டாக்கீஸில், பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பால்கனிப் படிக்கு அடியில் இருந்த அறைதான் அவளுக்கு வீடு. நான்கு வருஷத்துக்கு முன் படம் ஓட்டுவது நின்றுபோன பிறகும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளி தங்கதுரை அவளை அங்கேயே வைத்திருந்தார்.

கருப்பட்டி வியாபாரத்தில் தலையெடுத்த அவருடைய தாத்தா, தன் தாயார் பெயரில் கட்டிய தியேட்டர் அது. கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர், பர்மா தேக்கில் கூரை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தடுப்பு. இடைவேளையில் கிழக்குக் கதவுகளைத் திறந்துவிட்டால் கடல்காற்று திரைவரைக்கும் வரும்.

போன ஆவணியில் அனிஷ் என்ற பொறியாளர் கட்டடத்தை அளக்க வந்தார். செப்பனிடத்தான் வந்திருக்கிறார் என்று சங்கரம்மாளுக்கு ஒரே சந்தோஷம்.

"இங்கன வாங்க சார், நான் காட்டுதேன்" என்று மூலைமூலையாகக் கூட்டிப் போனாள். உப்பு அரித்த இடத்தில் விரலை விட்டுக் காட்டினாள். தானே பழைய பேனரைத் தொங்கவிட்டு மறைத்திருந்த பெரிய வெடிப்பையும் விலக்கிக் காட்டினாள்.

"இதை மட்டும் பூசிட்டா இன்னும் நூறு வருஷம் நிக்கும் சார்."

அவர் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டார்.

ஐப்பசியில் மாநகராட்சி ஆட்கள் வந்து வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆபத்தான கட்டடம், உடனே இடிக்க வேண்டும். தங்கதுரை அதைப் படித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாண மண்டபமா மாத்தலாம்னு ஆள் பேசி வச்சிருந்தேன்க்கா. பேனருக்குப் பின்னால இருந்த வெடிப்பைத்தான் அந்த இன்ஜினியர் பெருசா எழுதியிருக்கான். அதை எவன் காட்டுனான்?"

"நாந்தான் மொதலாளி. பூசித் தருவாவன்னு நினைச்சிட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

எந்த நேரமும் விழும் என்று எழுதியிருந்த அந்தச் சுவரைச் சாய்க்க இயந்திரத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. எதிர்த்த டீக்கடை ஓரத்தில் துணிமூட்டையோடு நின்று, ஒவ்வொரு இடியையும் பார்த்தாள் சங்கரம்மாள்.

இப்போது வேம்பாரில், நாத்தனார் சீனித்தாய் வீட்டில் இருக்கிறாள். பகலெல்லாம் உப்பளத்தில் வேலை.

"ஏளா, தூத்துக்குடி பக்கம் ஒரு நடை போயிட்டு வாயேன்" என்று சீனித்தாய் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அங்கன எனக்கு யாரு இருக்கா மயினி?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.