ஏரியா நெட்வொர்க்

தங்கைக்கு வீட்டிலிருந்தே இன்டர்வியூ. அன்றைக்கு நான் லீவு போட்டிருந்தேன். ஸ்ரீராம்புரம் என்றாலே ஊரில் முகம் சுளிப்பார்கள்; அங்கே எங்கள் வீடு இரண்டே அறை. முன்னறையில் அவள் லேப்டாப் முன் உட்கார்ந்திருக்க, சமையலறையில் நானும் அம்மாவும் மிக்ஸி போடாமல், பாத்திரம் உருட்டாமல் காத்திருந்தோம்.

நன்றாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று எதிர்முனைக் குரல் விட்டுவிட்டு வந்தது, படம் உறைந்தது. மறுபடி அழைப்பில் சேர்ந்தாள், அதே கதி. கேள்வி கேட்ட அதிகாரி, வீடு எங்கே என்றார். சொன்னாள்.

"ஓ, ஸ்ரீராம்புரமா? அந்த ஏரியா அப்படித்தான். அப்புறம் பாக்கலாம்" என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நெட்வொர்க் சப்போர்ட்தான் என் பிழைப்பு. அதே லேப்டாப்பில் பிங் கட்டளையை அடித்தேன். சின்னச் செய்திகளை அனுப்பி, பதில் எவ்வளவு வேகமாக வருகிறது, எத்தனை வழியில் தொலைகிறது என்று காட்டும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பதுதான். எங்கள் ரவுட்டருக்கு அனுப்பினேன், எல்லாம் திரும்பியது. லைன் கொடுப்பவர்களின் சர்வருக்கு அனுப்பினேன், அதுவும் சுத்தம். அந்தக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பியபோது பாதி வரவே இல்லை. போன் டேட்டாவில் போட்டுப் பார்த்தேன், அப்போதும் பாதிதான். செய்தி போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில், கம்பெனியின் வாசல் வரைக்கும் எந்தத் தடங்கலும் இல்லை; அதற்கு உள்ளேதான் தொலைந்தது.

எல்லாவற்றையும் கம்பெனிக்கு ஒரு மெயிலில் ஒட்டி, மேலே நாலு வரி சூடாக எழுதினேன். தங்கை அந்த நாலு வரியையும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

பதில் வந்தது. கோளாறு தங்கள் பக்கம்தானாம், சரிசெய்தாயிற்றாம், மறுபடி கலந்துகொள்ளலாமாம். கீழே ஒரு வரி: இந்த முறை நல்ல ஏரியாவில் இருக்கும் தோழி வீட்டிலிருந்து பேசினால் வசதி.

தப்பை ஒப்புக்கொண்ட அதே மெயிலில் இப்படி எழுத எப்படிக் கை வந்தது? போகாதே என்று கத்தினேன்.

"எனக்கு வேலை வேணும்க்கா. உன் கோவத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

ஆனாலும் தோழி வீட்டுக்கெல்லாம் அவள் போகவில்லை. முன்னறையிலேயே உட்கார்ந்து பேசினாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை. வேலையும் கிடைத்தது.

சேர்ந்த முதல் வாரமே அந்த அதிகாரி, இப்போது ஏரியா நெட்வொர்க் பரவாயில்லையா என்று சிரித்தபடி கேட்டாராம். இவளும் சிரித்துவைத்தாளாம். சாப்பிடும்போது அதை ஏதோ வேடிக்கை போலச் சொன்னாள். அம்மாவும் சிரித்தாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன்.