அத்தாவும் ஆத்தாவும்

பனியனை மடிக்கும்போது உள்ளே வைக்கும் அட்டை இருக்கிறதே, அதில் முனை ஒடிந்தவற்றைக் கம்பெனியில் கழித்துப் போட்டுவிடுவார்கள். என் எழுத்து வாழ்க்கை அந்தக் கழிசடை அட்டையில்தான் தொடங்கியது. எழுபதுகளின் தொடக்கம் அது. நான் மடிப்புப் பிரிவில் இருந்தேன். மத்தியானச் சோற்றை நாலே வாயில் முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்க எழுதுவேன். கதையில் வரும் ஆளுக்கு ஒரு அட்டை. ஒருத்தி கோபத்தில் என்ன சொல்வாள், எதற்குச் சிரிப்பாள், பெற்றவர்களை எப்படிக் கூப்பிடுவாள் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் கதைக்குள் போவேன். "உங்கள் இளையோர் நாவல்களில் விதவிதமான ஆட்கள் உயிரோடு நடமாடுகிறார்களே" என்று இப்போது பாராட்டுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, பொய்யாக மறுப்பானேன். ஆனால் அந்த முறையைச் சரியாகக் கற்றுக்கொண்டது ஒரு பெரும் அபத்தத்துக்குப் பிறகுதான்.

எனக்கு எதிரே உட்கார்ந்து மடித்த தோழி ராவுத்தர் வீட்டுப் பெண். வீரபாண்டிப் பக்கமிருந்து நடந்தே வருவாள். பக்கத்து அறையில் தையல் மெஷின்கள் போடும் இரைச்சலில், பாதி காதிலும் பாதி உதட்டசைவிலுமாகத்தான் அவள் பேச்சை நான் பிடிப்பேன். அவள் தலைப்பின்னல் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். கேட்டால், "அத்தா பின்னி வுட்டாங்க" என்பாள். டிபன் பாக்ஸைத் திறந்தால், "அத்தா இடியாப்பம் புழிஞ்சு குடுத்தாங்க." எங்கள் கவுண்டர் வீட்டில் பெற்றவளை ஆத்தா என்போம். அதனால் என் காதில் விழுந்ததெல்லாம் ஆத்தாதான். "ஆங்க" போட்டு மரியாதையாகப் பேசும்போது ஆணா பெண்ணா என்று எங்கே தெரிகிறது? எங்கள் ஊர் மரியாதையே என்னைக் கவிழ்த்துவிட்டது.

அவளை வைத்து ஒரு குறுநாவல் எழுதினேன். "உன்னை அப்படியே எழுதியிருக்கேன் புள்ள, பாரு" என்று பெருமையடித்துக்கொண்டு, கம்பெனிப் புங்கமரத்தடியில் வாசித்தும் காட்டினேன். "ஆத்தா அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னினாள்" என்ற இடத்தில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"பின்னினாளா? யாரு புள்ள அது?"

"உங்க ஆத்தாதான்."

"எங்க அம்மா நான் நாலாவது படிக்கையிலேயே மௌத்தாயிட்டாங்க. பின்னி வுடறது எங்க அத்தா. எங்கப்பா!"

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். மனைவி போன பிறகு மறுமணம் வேண்டாமென்று மகளைத் தனியாக வளர்த்த மனிதரை, ஒரே ஒரு சுழியைக் கூட்டிப் போட்டு நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன். வெட்கத்தில் அன்று என்னால் ஒரு பனியன்கூட நேராக மடிக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். கட்டிங் மாஸ்டரான அவளுடைய அத்தா வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், கழுத்தில் இஞ்சு டேப்போடு மகளுக்கு வகிடெடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க கண்ணு, ஆத்தான்னு எழுதுனது நீங்கதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றே உட்கார்ந்து முழுக் கதையையும் திருப்பி எழுதினேன்.

சென்னையிலிருந்து வெளிவந்த, இளைஞர்களுக்கான ஒரு பத்திரிகைக்கு அதை அனுப்பினேன். எங்கள் வீட்டில் அப்போது வெள்ளகோவில் மாப்பிள்ளை பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "அச்சுல பேரு வந்தா எழுது, கல்யாணத்துக்கு அவசரமில்ல. இல்லீனா உன் அட்டையெல்லாம் அடுப்புக்குத்தான்" என்று என் ஆத்தா கறாராகச் சொல்லியிருந்தாள். ஆசிரியரின் பதில் வந்தது. கதை பிடித்திருக்கிறதாம். தகப்பன் மகளுக்குத் தலை பின்னுவது மட்டும் வாசகர்களுக்கு ஒட்டாதாம். தாய் என்று மாற்றி அனுப்பினால் உடனே வெளியிடுவாராம்.

மாற்ற வேண்டியதே இல்லை. பழைய பிரதி அப்படியே பெட்டியில் இருந்தது. தோழிகூட, "அதையே அனுப்பு புள்ள, எங்க அத்தா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள். ஆசை இல்லாமலா? இரண்டு நாள் அந்தப் பிரதியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். தெரியாமல் செய்தபோது அது பிழை. தெரிந்தே செய்தால் அதற்கு வேறு பெயர். மாற்ற முடியாது என்று ஒரு கார்டு போட்டேன். கதை திரும்பி வந்தது. ஆத்தா சொன்ன சொல் தவறாமல் அட்டைகளை அடுப்பில் வைத்தாள். நானும் சளைக்காமல் மறுநாளே கம்பெனியிலிருந்து புது அட்டைக் கட்டு எடுத்து வந்தேன். வெள்ளகோவில்காரரைக் கட்டிக்கொண்ட பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

திரும்பி வந்த கதையைத் தோழி தன் வீட்டுக்கு எடுத்துப்போய், எழுதப் படிக்கத் தெரியாத அத்தாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினாள். ஆசிரியர் ஏன் திருப்பி அனுப்பினார் என்பதையும் சொன்னாளாம். அதற்கு அத்தா, "பாவம், அவருக்குப் பொம்பளப் புள்ள இல்லையாட்ட இருக்குது" என்றாராம்.